தேவியிடம் யார் சொல்வது, அத்தை?

என் அத்தைக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதும் உங்கள் மேல் கோபப்படுவதா, உங்களை நினைத்து அழுவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒன்றாக வருகிறது.

முதல் கரு கலைந்தபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கம்பெனி பஸ்ஸுல டயர் மேல கீற சீட்டுல குந்திக்கினு போனா எப்பிடிம்மா நிக்கும்?" முன் சீட்டுக்கு மாறினேன். அடுத்ததும் தங்கவில்லை. "நாள் பூரா நின்னுக்கினே வேலை பாத்தா வயித்துல இன்னா தங்கும்?" என்றீர்கள். வல்லம் வடகால் பேக்டரியில் போன் அசெம்பிளி லைனில் நின்றவள், வேலையையே விட்டேன். லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள் அத்தை, அது உங்களுக்கும் தெரியும். வீட்டில் படுத்தே கிடந்தேன். மூன்றாவதும் போய்விட்டது. அப்போது நீங்கள், பாவம், கஞ்சி மட்டும் வைத்துக் கொடுத்தீர்கள்.

நீங்கள் போன பிறகுதான் ஒரு டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். "எனக்கு எதுக்கு?" என்று உங்கள் மகன் குதித்தார். ரிசல்ட் வந்தது. என்னுடையது சரியாக இருந்தது. அவருடையதில்தான் மாற்றம். நம் உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற விவரமெல்லாம் குரோமோசோம்களில் இருக்கிறதாம். அவருக்கு அதில் இரண்டின் நுனிகள் உடைந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மொத்தத்தில் எதுவும் குறையாததால் அவர் கல்லு மாதிரி இருக்கிறார். பிள்ளைக்குப் பாதி பிரிந்து போகும்போது கூடவோ குறையவோ போய்விட்டால் கரு நிற்பதில்லை. சில முறை சரியாகவும் போகும், மனசை விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார்.

பிறகு மாமாவுக்கும் பார்த்தோம். அவருக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் உங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், பெரும்பாலும். அன்றைக்குத்தான் மாமா வாயைத் திறந்தார். "இவன் பொறக்கறதுக்கு முன்னாடி அவளுக்கும் ரெண்டு கலைஞ்சிச்சும்மா. நாத்து நட குனிஞ்சதாலதான்னு சொல்லி எங்கூட்ல அவளைப் பேசாத பேச்சில்ல."

ஏன் அத்தை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? தெரியவில்லை. வயலில் குனிந்ததுதான் தப்பு என்று உங்களை நம்பவைத்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் தப்பு என்று என்னை நீங்கள் நம்பவைத்தீர்கள். நான் யார் மேல் எரிந்து விழ?

இப்போது குழப்பம் இன்னும் பெரிசு. உங்கள் மகள் தேவிக்குப் போன மாதம் மறுபடியும் கரு கலைந்துவிட்டது. குன்றத்தூரில் அவள் மாமியார் வேலையை விடச் சொல்கிறாராம். "நைட் ஷிஃப்ட் போனதாலதான் போச்சின்றாங்க அண்ணி. நானே கொன்னுட்டனா?" என்று போனில் அழுகிறாள். உங்களிடமிருந்து அவளுக்கும் வந்திருக்கலாம் என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மே. எங்கம்மா பேரு கெட்டுப்பூடும். தேவிய அந்த வூட்ல வாழ வுடமாட்டாங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே! மாற்றம் அவளிடம் என்று தெரிந்தால் அந்த வீடு அவளை என்ன செய்யும்? சொல்லாவிட்டால் அவள் தன்னையே என்ன செய்துகொள்வாள்? அவளுக்கு இது இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன். அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். ரத்தம் கொடுப்பதா, யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அவள் இஷ்டம். உங்கள் பெயரை யாராவது இழுத்தால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், சத்தியமாக. ஆனால் அவள் எந்தப் பிள்ளையையும் கொல்லவில்லை என்பதை மட்டும் என்னால் மறைக்க முடியாது.

உங்களிடம் அதை யாருமே சொல்லவில்லை. நான் சொல்கிறேன். நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை, அத்தை.

உங்கள் வீட்டுக்கு வந்த இன்னொரு மகள்,
சுமதி