விசிறியை நீக்கிய இசைத்தட்டு

மார்ச் 3, செவ்வாய். வெயில்.

எங்கள் இசைத்தட்டிலிருந்து விசிறியை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. செய்தவன் ஆரோக்கியம், எங்கள் பேஸ் கித்தார்க்காரன்.

பதிவு முழுக்கத் தேயிலை பேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில். அங்கே கொழுந்துக்குள் காற்று ஊதும் பெரிய விசிறியின் ஊங்காரம்தான் எங்களுக்குச் சுருதி. என் கிளாரினெட், லிம்மின் கீபோர்ட், மாலாவின் டிரம்ஸ், இவன் கித்தார், எல்லாம் அதற்கே சேர்த்தது.

"அண்ணே, அது வெறும் இரைச்சல் லா. கம்ப்யூட்டர்ல தேய்ச்சு எடுத்துட்டேன். எவ்ளோ கிளீனா இருக்கு, கேளுங்க."

"மூலப் பதிவு?"

"இடம் பத்தல. அழிச்சிட்டேன்."

கேட்டேன். நாலு பேர் பனிமூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேடுகிறோம். சனிக்கிழமை தானா ராத்தா டவுன் மண்டபத்தில் வெளியீடு. வரமாட்டேன் என்றேன்.

மார்ச் 4, புதன். வெயில்.

முழங்கால் வலி. கிளாரினெட்டில் ஊதும் நாணல் ரீட் ஒன்று பிளந்தது. மாலா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்தாள்.

"ஏன் மாமா இந்த அடம்? விசிறி என்ன உங்க மச்சானா?"

"உன்னைவிட ஒழுங்காத் தாளம் பிடிக்கும்."

சிரித்தாள். "அப்ப தட்டை அந்த விசிறி ஓடுற மாடியிலேயே போட்டுப் பாத்துடலாம்."

போனோம். சேரவில்லை. விசிறியின் சுருதி ஒரு மயிரிழை மேலே. அப்புறம்தான் உறைத்தது: பதிவெல்லாம் மழை மாதத்தில். ஈரக் கொழுந்து கனத்தால்தான் அதன் குரல் இறங்கும்.

மார்ச் 5, வியாழன். விடியலிலிருந்து மழை.

நால்வரும் மாடியில். ஈரக் கொழுந்து ஒரு சாண் உயரம். லிம் தட்டைப் போட்டான்.

விசிறி இறங்கி வந்து எங்களுக்குக் கீழே உட்கார்ந்தது. தட்டில் ஊதும் நான், கேட்டு நிற்கும் நான், இருவருக்கும் ஒரே மூச்சு. பச்சை வாசனை. ஜன்னலில் மலை இல்லை, மேகம்தான். மாடியே அவிழ்ந்து மெல்ல மிதப்பது போல.

ஆரோக்கியம் தொப்பியைக் கழற்றினான். "நாம அஞ்சு பேரு, அண்ணே."

இன்னும் மன்னிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி. மறுபடி வெயில். பாழாய்ப்போன வெயில்.

நாளை வெளியீடு மண்டபத்தில் இல்லை, மாடியில்.

ஆரோக்கியம்: மண்டபம் வேண்டாம் என்று சொல்ல. மானேஜரிடம் மாடியைக் கேட்க. என்னை அவருக்குப் பிடிக்காது.

லிம்: ஒவ்வொரு உறையிலும் ஐந்தாவது பெயராக விசிறி. கையால் எழுதினாலும் சரி.

மாலா: நாற்காலி. குடைகள்.

நான்: புது ரீட். போவது.

மழை: நாளை காலை, கொழுந்து வெட்டுமுன்.