நிந்தவூர்ச் சம்மந்தி தழுவிய விதம்

பிஸ்மில்லாஹ்

சாய்ந்தமருது
17.06.1997

என் அருமை மகள் முனவ்வறாவுக்கு உம்மா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் தங்கச்சி கமீலாவும் சுகமாக இருக்கிறோம், இதை நம்பு, ஊரிலிருந்து வருகிறவர்கள் வேறு விதமாகச் சொன்னால் நம்பாதே. நீயும் மருமகனும் பிள்ளையும் லண்டன் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கை ஏந்துகிறேன். போன கடிதத்தில் உங்கள் சுகத்தை மட்டும் எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பிள்ளைக்குத் தடிமல் என்றாலே ஒரு பக்கம் எழுதுகிறவள் நீ, அதனால் எனக்கு மனதில் ஒரு குத்தல், எதையாவது மறைக்கிறாயா? வாப்பா பள்ளிக்குப் போயிருக்கிறார், நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன், இது முழுக்கப் பெண்களின் கதை.

நீ அனுப்பிய பிறேசியர் கிடைத்தது. கொண்டு வந்து தந்த பெண் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை, நெஞ்சைப் பார்த்துத்தான் கதைத்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. கொழும்பில் ஒப்பரேசன் முடித்து வந்த நாளிலிருந்து எந்தக் கண்ணும் அங்கேதான் போகிறது என்று ஓர் எண்ணம். இடது மார்பை எடுத்தது நம் வீட்டாரையும் உன் மாமி சுபைறாவையும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது, ஊருக்கு நாம் சொன்னது பித்தப்பையில் கல் என்று. சுபைறா வாப்பாவின் கூடப்பிறந்தவள், ஆஸ்பத்திரியில் என்னைக் குழந்தை போலப் பார்த்தவள், அந்த நன்றியை நான் மறக்கவில்லை, ஆனால் அவள் வாயை நம்பவும் இல்லை, அவள் வயிற்றில் சோறு தங்கும் கதை தங்காது. சரி, பிறேசியருக்கு வருகிறேன். அது வடிவாகத்தான் இருக்கிறது, குறையும் அதுதான். அடியில் இருக்கிற கம்பி தழும்பின் மேலேயே வந்து உட்காருகிறது, பூப்போட்ட லேஸ் அக்குளில் அராவுகிறது, கொளுக்கி பின்னால் இருக்கிறது. என் இடது கை இன்னும் முதுகுப்பக்கம் போகாது, கமீலாவைக் கூப்பிட்டுத்தான் கொழுவ வேண்டும், வயதுவந்த பிள்ளையிடம் அதற்கு நிற்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பழைய பிறேசியருக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தேன், பஞ்சில் பாரம் இல்லை, ஒரு பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கழுத்துக்கு ஏறிவிடும். பாரம் வேண்டும் என்று பயறைத் துணிப்பையில் கட்டி வைத்தேன். அதோடு அம்பாறைக்குக் கிளினிக் போனபோது வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள், பெண்களைச் சோதிக்கிற பிள்ளையின் கை அதில் பட்டதும் அவள் குண்டோ என்று திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். நான் பையை எடுத்துக் காட்டினேன், பயறு கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. அவள் ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னாள். அவள் ஏன் கேட்கவில்லை, போன பிறகு யாரிடம் என்ன சொன்னாள் என்று கிளினிக் முடியும் வரை எனக்கு அதே யோசனை. இந்த வெக்கையில் வேர்வை பட்டுப் பயறும் மணக்கத் தொடங்கியதால் அதையும் விட்டுவிட்டேன்.

இவ்வளவு பாடும் எதற்கு, வீட்டுக்குள் இருக்கிற கிழவிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் என்ன என்று நீ கேட்பாய். கமீலாவுக்கு நிந்தவூரில் ஒரு மாப்பிள்ளை கேட்டிருக்கிறோம், பெயர் றஸ்மி, கணக்குப் படிப்பிக்கிறார், நல்ல பிள்ளை என்று விசாரித்த இடமெல்லாம் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி நல்லது சொன்னதாலேயே நான் இன்னும் இரண்டு இடத்தில் விசாரிக்கச் சொன்னேன், வாப்பா சிரித்தார். கமீலா அவருடைய போட்டோவை அலுமாரியில் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள், நான் காணாத மாதிரி இருக்கிறேன். நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே குடிவருகிறார், அதனால் பெண்ணைப் பார்க்க வருகிற தாய் பெண்ணை ஒரு பார்வையும் மாமியாரை ஒன்பது பார்வையும் பார்ப்பாள், தன் மகன் நாளைக்கு யார் கையால் சாப்பிடப் போகிறான் என்று. உம்மாவுக்கு இந்த வருத்தம் என்று தெரிந்தால் நாளைக்கு மகளுக்கும் வரும் என்பார்கள், காரணம் சொல்லாமல் விலகிப் போவார்கள். வேறு வீட்டில் அப்படி விலகிப் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். என் நோயால் என் பிள்ளையின் வாழ்க்கை குழம்பினால் அந்த ஒப்பரேசனில் நான் மௌத்தாகி இருக்கலாம் என்றுகூட நினைத்தேன், நினைத்ததை உன்னிடம் மறைக்கவில்லை, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபாவும் செய்துவிட்டேன்.

எனக்குப் பயமெல்லாம் ஸலாம் சொல்லிக் கட்டித் தழுவுகிற அந்த நேரத்தில்தான். சாரியால் மூடலாம், முக்காட்டை இழுத்து விடலாம், ஆனால் சம்மந்தியாக வரப்போகிறவள் கையை விரித்துக்கொண்டு வந்தால் ஒதுங்க முடியுமா? பஞ்சை இறுக்கி வைத்து மேலே ஏறாமல் சட்டையோடு ஊசி குத்திக்கொண்டேன். இடது தோளைப் பின்னுக்கு வாங்கி வலது பக்கத்தை மட்டும் கொடுக்க வேண்டும் என்று கமீலாவை நிறுத்திப் பழகியும் பார்த்தேன். அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா பாத்தும்மா நல்ல உயரம், வெள்ளை முக்காடு, மெல்லக் கதைக்கிற பெண். கையை விரித்தாள், நானும் விரித்தேன். நான் இடது பக்கத்தைப் பின்னுக்கு வாங்கியதும் அவளும் அதே நேரத்தில் அந்தப் பக்கத்தைப் பின்னுக்கு வாங்கினாள். மகள், யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய மாதிரி இருந்தது. என் இடதுக்கு நேரே அவளுடைய வலது அல்லவா வரவேண்டும், அதை அவள் என்மேல் முட்டவே விடவில்லை, மற்றத் தோளால் மட்டும் தொட்டுவிட்டு விலகினாள். எந்தப் பக்கம் என்றுகூட இவளுக்குத் தெரிந்திருக்கிறது, நோய் ஒட்டிவிடும் என்று ஒதுங்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு வட்டிலப்பத்தைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள், வாயில் வைத்தது குறைவு. நான் பார்க்கும்போது அவள் நிலத்தைப் பார்த்தாள், நான் நிலத்தைப் பார்க்கும்போது என்னைப் பார்த்தாள்.

போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. எனக்கு உறுதியாகிவிட்டது, சுபைறாதான் சொல்லியிருக்கிறாள், அவளுடைய மருமகளின் தாய்வழி நிந்தவூர் அல்லவா. நேரே போய்க் கேட்டேன். குர்ஆனைத் தூக்கிச் சத்தியம் பண்ணுவேன் என்றாள், அழுதாள், ஆஸ்பத்திரியில் உன் மூத்திரம் அள்ளினவளுக்கு இதா கூலி என்று கேட்டாள். அழுகிறவளை நம்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாப்பாவிடம் சொன்னால் "டொக்டர் எல்லாத்தையும் வெட்டி எடுத்தாரு, ஒன்ட சந்தேகத்த மட்டும் எடுக்க மறந்திட்டாரு" என்கிறார். அவருக்குப் பகிடி. கமீலா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான், அதைப் பார்த்துப் பார்த்து என் நெஞ்சு வெந்தது.

நேற்று முற்பகல் பாத்தும்மா வந்தாள், தனியாக, ஆட்டோவில். மாப்பிள்ளை வீட்டுக்காரி துணைக்கு ஒருவரும் இல்லாமல் வந்தால் அது சம்பந்தத்தை முறிக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா? கமீலாவைத் தேயிலை ஊற்றச் சொல்லிக் குசினிக்கு அனுப்பிவிட்டு அவளை அறைக்குக் கூட்டிப்போனேன், முறிக்கிற வார்த்தை பிள்ளையின் காதில் விழக்கூடாது. இந்தமுறை இரண்டு பேரும் தழுவவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு சொன்னாள். "ஆரோ உங்களுக்குச் சொல்லிட்டாங்க எண்டு எனக்கு வெளங்கிட்டுகா. ஸலாம் சொல்லக்குள்ள நீங்க அந்தப் பக்கத்த ஒதுக்கினீங்க. ஓம், எனக்கு வலது பக்கம் இல்ல, எடுத்துக் கனகாலம், என்ட மகனுக்குக்கூடத் தெரியா. ஆனா அவன்ல ஒரு கொறையும் இல்லகா. என்னப் புடிக்காட்டி நான் இந்த ஊட்டுக்கே வராம இருந்துக்கிறன், புள்ளையள்ற காரியத்த மட்டும் ஒடச்சிராதீங்க" என்றாள். மகள், நான் அவளைப் பற்றி நினைத்ததையெல்லாம் அவள் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டு அத்தனை நாளும் நிந்தவூரில் வெந்துகொண்டு இருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்தேன். "எனக்கு இடதுகா" என்றேன். அவள் அமத்திப் பார்த்தாள், அன்று போலவே பஞ்சில் குத்தியிருந்த ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது, யா அல்லாஹ் என்று கையை உதறினாள். பிறகு அழுதோம், பிறகு அந்த ஊசியை நினைத்துச் சிரித்தோம். கமீலா தேயிலையோடு வந்து நின்று இரண்டு பேருடைய ஈரக்கண்ணையும் பார்த்து, எல்லாம் போய்விட்டது என்று நினைத்துத் தட்டத்தை வைத்துவிட்டு ஓடப் பார்த்தாள். பாத்தும்மா அவளை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பாத்தும்மா தான் போட்டிருக்கிறதைக் காட்டினாள். வெறும் பருத்தித் துணி, கம்பி இல்லை, லேஸ் இல்லை. கொளுக்கி முன்னுக்கு. தோள்பட்டி அகலமாக இருக்கிறது, அதனால் தோளை வெட்டாது. கீழ்ப்பட்டி தழும்பில் ஏறாமல் கீழே இறங்கி நிற்கிறது. உள்ளுக்குப் பழைய சாரத்துத் துணியில் ஒரு பை தைத்து அதில் இலவம்பஞ்சு, பஞ்சின் அடியில் வலையில் கட்டுகிற சின்ன ஈயக்குண்டுகளை இரட்டைத் துணியில் சுற்றித் தைத்திருக்கிறாள், அந்தப் பாரத்தில் அது தன் இடத்திலேயே கிடக்கிறது. எனக்கு ஈயத்தில் நம்பிக்கை இல்லை, உடம்புக்கு ஆகுமோ தெரியாது, அதைச் சொன்னேன், அவள் கோபிக்கவில்லை. போட்டுப் பார்க்கும்போது நின்று மட்டும் பார்க்காமல் கையை உயர்த்தி, குனிந்து, ஸுஜூது செய்கிற மாதிரி தலையை நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதும் இழுக்காமல் நழுவாமல் இருந்தால்தான் அது சரியான அளவு என்றாள். கீழ்ப்பட்டிக்குள் இரண்டு விரல் போகவேண்டும், போகாவிட்டால் இறுக்கம், கை வீங்கும். கடையில் ஆம்பிளையிடம் இதையெல்லாம் கேட்க முடியாமல் அவள் தனியாக, பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடித்தது. யாரிடமும் காட்டாமல் இத்தனை காலம் எப்படி இருந்தாளோ, எனக்கு ஒரு வருஷத்துக்கே மூச்சு முட்டிவிட்டது.

சபர் மாதம் கல்யாணத்துக்கு ஆகாது என்பார்கள், அது போகட்டும், அடுத்த மௌலூது மாதத்தில் நிக்காஹ் என்று பேசியிருக்கிறோம். மகனிடம் தானே சொல்வதாக பாத்தும்மா வாக்குத் தந்தாள், சொல்லிவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு ஒரு பக்கமும் வரக்கூடாது. சுபைறாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், கதவு திறக்கவில்லை. ஒரு கோப்பை வட்டிலப்பம் கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொண்டாளாம், கோப்பை இன்னும் திரும்பி வரவில்லை. அது நல்ல சகுனமா அல்லது கோப்பையும் போய்விட்டதா, பார்ப்போம்.

மகள், இனி நீ கேட்க வேண்டியது. குளிக்கும்போது உன் மார்பை நீயே கையால் தடவிப் பார், கட்டி மாதிரி எதுவும் பட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதே. எனக்கு முதலில் பட்டது ஒரு பயற்றங்கொட்டை அளவுதான், நான் வெட்கத்தில் அதை வளர விட்டேன். அங்கே ஒரு பெண் டொக்டரிடம் போய் உம்மாவின் கதையைச் சொல்லிச் சோதித்துக்கொள். எல்லாம் சரி உம்மா என்று எழுதினால் நான் நம்பமாட்டேன், டொக்டரின் பெயரையும் அவர் சொன்ன வார்த்தையையும் எழுது. கமீலாவையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போகப் போகிறேன், மாப்பிள்ளை வீடு என்ன நினைக்கும் என்று இனி எனக்குக் கவலை இல்லை, மாப்பிள்ளை வீடே கூட வருகிறதாம்.

அல்லாஹ் உன் குடும்பத்தில் பறக்கத்தையும் உன் உடம்பில் ஆரோக்கியத்தையும் தரட்டும், உன் பிள்ளை உன் நிழலில் வளரட்டும். மருமகனுக்கு எங்கள் ஸலாம், இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டாதே. நீ பிறேசியர் வாங்கின அந்த லண்டன் கடையில் இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு என்று பாரத்தோடு செய்த மார்பு உருவம் விற்கிறார்கள், எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாயே. இரண்டும் வாங்கு. எனக்கு இடது, பாத்தும்மாவுக்கு வலது, அவளும் ஏறக்குறைய என் அளவுதான். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பு மகள், வழியில் யார் பிரித்துப் பார்த்தாலும் ஒரு பெண்ணுக்கு என்றுதான் நினைப்பார்கள்.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
உம்மா சரீபா