ஒன்றரையா, இரண்டரையா

எஸ்பியர்க், டென்மார்க்
09.03.2025

அன்புள்ள மச்சாள் சயந்தினிக்கு,

ராசமலர் எழுதிக்கொள்வது. நானும் மகள் மிதுஷாவும் சுகம். உம்முடைய சுகத்தையும் மருமகன் கஜதீபனின் சுகத்தையும் அறிய ஆவல். நான் போன் எடுத்தால் நீர் பதில் சொல்வதில்லை. அது உம்முடைய நியாயம். இந்தக் கடிதத்தையாவது கிழிக்காமல் வாசியும்.

தம்பி பாலேந்திராவின் செத்தவீட்டில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டீர். பில்லுண்டிலிருந்து லண்டன் எழுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்தானே, விமானத்தில் ஒன்றே முக்கால் மணித்தியாலம்தானே, கூடப் பிறந்தவனை உயிரோடு பார்க்க உங்களுக்கு அது தூரமா என்று. அதற்கு இப்போதுதான் விடை எழுதுகிறேன்.

தம்பி போன அன்று காலை டிக்கெட்டோடு பில்லுண்டு விமான நிலையத்தில்தான் நின்றேன். கஜதீபன் போன் எடுத்தான். "மாமி, ஹாஃப் டூவுக்கு அப்பான்ர மூச்சு மெஷினைக் கழட்டப் போறாங்கள், கெதியா வாங்கோ" என்றான். முப்பத்தைந்து வருடமாக டேனிஷ் கேட்ட காது என்னுடையது. இங்கே 'ஹல் தோ' என்றால் இரண்டுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது, அதாவது ஒன்றரை. விமானம் இறங்கும்போதே லண்டன் நேரம் பன்னிரண்டரை. கடவுச்சீட்டு வரிசையில் நின்று, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வர இரண்டு மணியாகிவிடும். ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் ஏறவில்லை. போனை நிறுத்திவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

போன கிழமை மிதுஷா லண்டன் தோழியோடு கதைக்கும்போது ஹாஃப் டூ என்று சொல்லிவிட்டுக் கலண்டரில் 14.30 என்று எழுதினாள். பிழையாக எழுதுகிறாய் பிள்ளை என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, இங்கேதான் அம்மா அது ஒன்றரை, இங்கிலாந்தில் இரண்டரை என்றாள். ஏறியிருந்தால் அரை மணித்தியாலம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒன்றரை அடித்தால் தம்பி வந்துவிடுகிறான். வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு டேனிஷ் அம்மாவுக்கு சூப் தீத்துகிற நேரம் அது. எனக்குப் பின்னால் அந்த மெஷின் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் கதவுதான். இரண்டரை வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான், நான் போனை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறேன். அந்த அம்மா ஒருநாள் என் கையைப் பிடித்து, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டுவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஒன்றரை என்று நினைத்ததும் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. குழாய்களோடு கிடக்கிற அவன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்ற ஆறுதல். நேரத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். நான் வரும் மட்டும் பொறுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்துவிட்டேன், மச்சாள். நீர் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு உதவி மட்டும் செய்யும். கஜதீபனுக்கு இதை ஒருக்காலும் சொல்லிவிடாதேயும். அவன் சரியாகத்தான் சொன்னவன். ஆனாலும், தான் சொன்ன சொல்லால்தான் மாமி வராமல் போனா என்று அவன் ஒரு நாள்கூட நினைக்கக் கூடாது. மாமிக்கு மனமில்லை, அதனால்தான் வரவில்லை என்றே அவன் நினைத்துக்கொள்ளட்டும். என்னை வெறுத்துக்கொண்டாவது பிள்ளை நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய மச்சாள்
ராசமலர்