தெற்குச் சுவரில் ஒரு வாசல்

ஜனவரி 9, 2024
ஐரின் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதினெட்டுப் படங்கள். தெற்கு பிரான்சில் அவள் கன்னியர் மடம் இருக்கும் கிராமத்து மாதா கோயிலின் அளவுகள். அதன் கட்டட வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதுகிறாள். “பிளான் நீதான்டா வரையணும். ஊர்லயே நல்ல டிராஃப்ட்ஸ்மேன் என் தம்பின்னு சொல்லிட்டேன்.” எந்த ஊரில்? நான் இருக்கும் ஜோகுபாளையத்திலா?

ஜனவரி 21
பீடத்தின் பின்னாலுள்ள அரைவட்டச் சுவர் தொண்ணூறு சென்டிமீட்டர் கனம். செதுக்கிய பெரிய கற்கள். தெற்குச் சுவர் ஒரு மீட்டர் பத்து. கிடைத்த கல்லை அப்படியே அடுக்கியது. எல்லாம் ஒரே காலத்தில் கட்டியது என்கிறார்களாம் ஊரில். தெற்குச் சுவர் நூறு வருடமாவது மூத்தது, கல்லறைத் தோட்டத்துக்குத் திறந்த ஒரு வாசல் அதில் இருந்தது, பிறகு அடைத்துப் பூசிவிட்டார்கள் என்கிறாள் அக்கா. தட்டினால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் மாறுகிறதாம்.

பிப்ரவரி 4
போனில் பேசினோம். வாசலைப் புள்ளிக் கோட்டிலாவது போடச் சொன்னாள்.
“தட்டிப் பாத்து வாசல்னு சொன்னா ஆச்சா? நீ என்ன இன்ஜினியராக்கா?”
சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.
“அம்மா ஆறு மாசம் படுக்கையில கெடந்தப்போ வர முடியல. செவுத்தைத் தட்டிப் பாக்க மட்டும் நேரமிருக்கு, இல்ல?”
“சரிடா. உனக்குச் சரின்னு பட்டதைப் போடு.”
வாசல் இல்லாமலே வரைந்து அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 5
இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அவள் படத்தில் பூச்சு விரிசல் நேராக மேலே போய் வளைந்திருந்தது. வாசல்தான். பார்த்தவுடனே தெரிந்தது.

பிப்ரவரி 27
அக்கா கூப்பிடவில்லை. நானும்.

மார்ச் 8
அவள் மடத்திலிருந்து சிஸ்டர் பிரபா பேசினார். கோலார் பக்கத்துப் பெண். நேற்று காலை பூசைக்கு அக்கா வரவில்லையாம், போய்ப் பார்த்தால் – தூக்கத்திலேயே. மாரடைப்பு. நாளை அங்கேயே அடக்கம்.
புத்தகத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேன்?
“போன வாரமே அச்சாயிடுச்சுண்ணா. வாசல் பத்தின பக்கத்தை அவங்களே எடுத்துட்டாங்க. ‘வாசல் இல்லைன்னு என் தம்பி சொன்னா இல்லைதான், அவனுக்குத் தெரியும்’னாங்க.”

மார்ச் 10
அக்காவுக்காகப் பங்குக் கோயிலில் பூசை. அவள் உடம்பில்லாத பூசை. என்னையே கேட்கிறேன்: ஏன்டா அப்படிப் பண்ணினே கிளெமென்ட்? ஒரு புள்ளிக் கோடு. அவ கேட்டது அவ்வளவுதானே?

ஏப்ரல் 2
சிஸ்டர் பிரபாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அந்த இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லி ஊர் மேயரிடம் கேட்க வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறேன்.

ஜூன் 19
சுரண்டிவிட்டார்கள். படம் வந்தது. குள்ளமான வாசல்; மேலே மெல்லிய கற்களால் வளைவு. இப்போதைய தரைக்கு இரண்டடி கீழே படி. தரை அவ்வளவு உயரப் பல காலம் ஆகியிருக்கும். அப்படியென்றால் அந்தச் சுவர் அக்கா சொன்னதைவிடவும் பழையதாக இருக்கலாம். அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

ஜூலை 3
இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள். அக்கா எடுத்த பக்கம் திரும்பச் சேர்கிறது. புதிய பிளான் வரைந்தேன். அடியில் போடச் சொல்லி ஒரு குறிப்பு: “முதல் பதிப்பில் இந்த வாசல் விடுபட்டது வரைந்தவரின் குற்றம். அது இருப்பது அவருக்குத் தெரியும்.”
என் மனைவி சொர்ணம் படித்துவிட்டு, “இதெல்லாம் அச்சுல வரணுமா?” என்றாள்.
“வரணும்.”
“ஐரின் அண்ணி இருந்தா இந்த வரிய அடிச்சிருப்பாங்க.”
அடித்திருப்பாள்தான். அனுப்பிவிட்டேன்.