தறிப்பட்டறையில் முதிர்ந்த கிடார்

குமாரபாளையம்

என் சாமிக்கு,

நீ விட்டுப்போன கிடாரை, என் பேச்சை மீறி உன்னைக் கட்டிக்கொண்டவன் வாங்கிக் கொடுத்தது என்ற கோபத்தில், மூன்று வருடம் முன்பு தறிப்பட்டறைச் சுவரில் மாட்டினேன். பஞ்சுத்தூசி தின்னட்டும் என்றுதான்.

நேற்றுக் கரண்ட் போய் எட்டுத் தறியும் நின்றன. தூசி தட்டும்போது கம்பியில் கை பட்டுவிட்டது. சாமி, அன்று தகரம்போல் கத்திய பெட்டியா இது! அந்த நாதம் என் நெஞ்செலும்பு வரை வந்து நின்றது.

சேலத்துக் கிடார் கடைக்காரரைக் கேட்டேன். வயதாக ஆக, தினமும் வாசிக்க வாசிக்க, மரம் அதிர்ந்து பழகி நாதம் கனியுமாம். வாசிக்க ஆளில்லாத கிடாரை என் தறிகளே அதிரவைத்திருக்கின்றன போலும்.

உன் அம்மா சொன்னாள்: "நீங்க வெறுத்தாலும் அது பழகிட்டேதானுங்க இருந்திருக்குது."

கம்பிகளில் மட்டும் லேசாகத் துரு ஏறியிருக்கிறது. புதுக் கம்பியை மாப்பிள்ளை வந்து மாட்டட்டும்.

அப்பா