மூடி என்னிடம் இருக்கிறது

பாரிஸில் இருக்கும் என் கணவருக்கு,

அறையில் ஒரே புழுக்க நாற்றம், உப்பில் ஊறவைத்த ரோஜா இதழ் கொஞ்சம் அனுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன்.

அறை மணக்க அந்த இதழ்களைப் போட்டுவைக்கும் வாசனை ஜாடியைக் கொண்டுபோனீர்களே, அதன் கதையை வண்டிக்கார மத்துரேன் பாரிஸிலிருந்து வந்து சொன்னான். "அந்த வீட்டம்மா அதைப் பூ வைக்கிற ஜாடின்னு நெனச்சு, தண்ணிய ரொப்பி லில்லிப்பூ சொருகிட்டாங்கம்மா! கழுத்தச் சுத்தி ஓட்டை இருக்கே, தண்ணி பூரா பியானோ மேல கொட்டிடுச்சு. ஐயா மண்டி போட்டுத் தொடச்சாரு!"

சமையல்காரி பெரின் சிரித்த சிரிப்பில் சூப் அடிபிடித்துவிட்டது. மத்துரேன் மட்டும் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். எந்த வீட்டம்மா என்று நான் கேட்கவில்லை.

அவளையும் குறை சொல்ல முடியாது. ஓட்டை போட்ட மூடி மேலே இருந்தால்தானே அது வாசனை ஜாடி என்று தெரியும்? அன்று விடிவதற்குள் கிளம்பிய அவசரத்தில் மூடியை இங்கேயே விட்டுவிட்டீர்கள்.

வியாழக்கிழமை மூடியோடு வருகிறேன். ஜாடியோடுதான் திரும்புவேன். இந்தக் கோடையின் ரோஜாக்கள் அதற்காகத்தான் உப்பில் கிடக்கின்றன, நீங்கள் இருக்கும் அறைக்காக அல்ல.

வண்டியில் ஜாடியை என் மடியில் வைத்துக்கொள்வேன். பக்கத்து இருக்கையில் நீங்கள் தாராளமாக உட்காரலாம். நீங்கள் வராவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பச் சொல்லி மத்துரேனிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
இந்த வீட்டம்மா