அந்த வழி பாதையில்லையாம், அத்தை

என் வாயாடி அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு நம் டயகம தோட்டத்தில் ஒரு புதுமை நடந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நாம் நடந்த குறுக்குவழி பாதையே இல்லையாம். அப்படியென்றால் நம் லயத்து வீட்டிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தினமும் எதன்மேல் நடந்தீர்கள்? காற்றிலா?

இது நம்மை மேய்க்கும் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவின் கண்டுபிடிப்பு. உங்கள் காரியம் முடிந்த மறுநாள், தோட்டத்து ஆபீசில் நடந்த விசாரணையில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அந்தம்மா பாதையில்லாத எடத்துல போயிருக்கு. கவனமில்லாமப் போனா தோட்டம் என்னா செய்யும்?" அவர்கள் ஆள் வெட்டிய சவுக்கு மரத்துக் கிளை உங்கள் தலையில் விழுந்ததற்கு நீங்களேதான் பொறுப்பு. நல்லவேளை, கிளை உடைந்ததற்கு உங்களிடம் நட்டஈடு கேட்கவில்லை.

பக்கத்தில் நம் தொழிற்சங்கத் தலைவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். "நடந்தது நடந்துருச்சும்மா, பெருசு பண்ணாதீங்க" என்று எனக்குப் புத்தி சொன்னார். டீ வந்தது, குடித்தார். வேறென்ன வேலை அவருக்கு?

நான் கொழும்பில் படிக்கும் பாடத்தைக் கேட்டு நீங்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? "செத்துப்போன ரோமாபுரிக்காரன் சண்டையத் தீக்கவா நானுஓயாவுல ரயிலேறிப் போற?" முன்பு இங்கே ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டம் இன்னும் நம் கோர்ட்டில் இருக்கிறது, அதன் வேர் ரோமில் என்று விளக்கினேன். கொட்டாவி விட்டீர்கள். உண்மையைச் சொன்னால், வகுப்பில் நானும் கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாடத்துக்குள் உங்கள் சாவு இருந்தது அத்தை. மரத்தில் ஏறிக் கிளை வெட்டுகிறான் ஒருவன். கீழே போனவன் மேல் கிளை விழுந்து அவன் செத்துப்போகிறான். ரோமச் சட்டக்காரர்கள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். கீழே பாதை இருந்ததா? இருந்தால், வெட்டியவன் சத்தம் போட்டானா? போட்டிருந்தால், விலகிக்கொள்ள நேரம் இருந்ததா? இதோடு நிற்கவில்லை. பாதையில்லாத இடத்தில் ஆள் வருவான் என்று வெட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்கிறார். பாதை இல்லாவிட்டால் என்ன, ஆள் வரக்கூடும் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா என்று இன்னொருவர் மறுக்கிறார். ஒரு கிளைக்கு இத்தனை கேள்வி.

அவர்களையும் யோக்கியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செத்தவன் ஓர் அடிமை. அவனுக்குப் பெயர்கூட இல்லை. மாடு செத்தால் எப்படியோ அப்படித்தான், அவனை வைத்திருந்த எசமானுக்கு ஏற்பட்ட நட்டத்துக்காகத்தான் அத்தனை மூளையையும் செலவழித்தார்கள். தூ! ஆனால் அந்த அடிமைக்குக்கூட "சத்தம் போட்டானா?" என்று கேட்டார்கள் அத்தை. உங்களுக்கு அதைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவின் கவனக்குறைவே காரணம் என்று எழுதி, செல்வம் மச்சானிடம் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டால் கதை முடிந்தது. இனி என்றைக்கும் நீங்கள் கண் தெரியாமல் போய்ச் செத்தவர். உங்கள் மகனுக்குப் பயம். "லயம் தோட்டத்துது புள்ள. எறங்குன்னுட்டா புள்ள குட்டியோட எங்க போறது?" என்றார். அவரை நான் கேவலமாகப் பேசவில்லை. என் ஏச்செல்லாம் அவரை அப்படிப் பயப்பட வைத்தவர்களுக்கே.

அந்த விசாரணைக்கு நானும்தான் போயிருந்தேன். "மரம் வெட்டினவரு சத்தம் போட்டாரா, ஐயா?" என்று கேட்டேன். கண்டாக்கையா சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால் கொழுந்துக் கூடையை அவர் தலையில் கவிழ்த்திருப்பீர்கள். "பாதையே இல்லாத எடத்துல யாருக்குன்னு சத்தம் போடுறது? படிச்ச புள்ள, இது தெரியல?" என்றார். தலைவரும் கூடச் சிரித்தார்.

அப்போதுதான் மச்சான் பேனாவை மேசையில் வைத்தார். உரத்துப் பேசத் தெரியாத உங்கள் மகன், தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கம்மாவப் பொட்டியில வச்சு அந்த வழியாத்தாங்க தூக்கிக்கிட்டுப் போனோம். நீங்களும் பின்னாலயே நடந்து வந்தீங்களே ஐயா."

தலைவர் காலிக் கோப்பையை எடுத்து மறுபடி குடித்தார். நாங்கள் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தோம். வழக்கு நுவரெலியா கோர்ட்டுக்குப் போகிறது. நான் இன்னும் வக்கீல் இல்லை. பேச ஒருவரைப் பிடித்திருக்கிறோம்.

நேற்று அதே மலையில் மீண்டும் மரம் வெட்டினார்கள், அத்தை. ஒவ்வொரு கிளைக்கும் முன்னால், "கீழ ஆளு இருக்கா? வெலகு, வெலகு!" என்று ஒருவர் கத்தினார். மேலேயிருந்து உத்தரவாம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் விலகினார்கள், கிளை விழுந்தது, திரும்பப் போய் எடுத்தார்கள். நான் லயத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதானா? இந்த ஒரு சத்தத்தைப் போட உங்கள் உயிர் வேண்டியிருந்ததா?

"சத்தம் போட்டானா?" என்ற அந்தக் கேள்வியை நீதிபதி முன்னால் கேட்க வைக்காமல் நான் விடமாட்டேன். அங்கே உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்க வைப்பேன்.

உங்கள் வாயைக் கொண்டு பிறந்த,
தம்பி மகள்